நகரச் சொல்லாத குற்றம்

வீடு பார்க்கப் போன அன்று தரகர் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் சாய்ந்து நின்றார். அதில் தப்பாக ஏதும் இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மனிதன் என்றால் கால் வலிக்கத்தான் செய்யும்.

பின்னறையின் மூலைச் சுவர் அது. தரகர் நல்ல அகலமான ஆள். முதுகு, தோள், பின்னந்தலை மூன்றையும் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டி நீட்டி எல்லாவற்றையும் காட்டினார். ஜன்னலைக் காட்டினார், அலமாரியைக் காட்டினார், ஃபேன் மாட்டும் கொக்கியைக்கூடக் காட்டினார். "இந்த ரூம் பாப்பாவுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு பாருங்க" என்றார். அவர் கை போன பக்கமெல்லாம் எங்கள் கண்ணும் போயிற்று.

கிளம்பும்போது அவர் எங்களுக்கு முன்னால் படி இறங்கினார். வெள்ளைச் சட்டை முதுகில் தொப்பலாக நனைந்திருந்தது. "பாவம், நமக்காக எவ்வளவு நேரம் நின்னுட்டாரு, வேர்த்து ஊத்துது" என்று அக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். அது குளிர்காலம் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக, எதிரில் உட்காருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் அவர் வேலை. அவர்கள் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அக்கா குழந்தைகள் பள்ளியில் டீச்சர். யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்கக் கட்டடங்களின் உள்வயிற்றில் டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறவன். இப்படி மூன்று பேர் போய், ஒரு சுவரைப் பார்க்காமல், கையில் இருந்ததையெல்லாம் கொட்டி அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

குடியேறிய மூன்றாவது வாரம் சுவரில் தரகர் வந்தார். முதலில் இரண்டு தோள் தெரிந்தது. பிறகு தலை. புது பெயின்ட் கொப்பளித்து உரிந்து, அடியில் கறுப்பாகப் பூசணம். அளவு பிசகாமல் அவர் நின்ற அகலத்துக்கே இருந்தது. அக்கா தினமும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவர் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்.

அந்த மாதமே அக்கா மகள் பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. அவளுக்கு ஏழு வயது. தூங்கும்போது நெஞ்சில் ஒரு விசில் சத்தம். டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்து எழுதித் தர்றேன். ஆனா அந்த வீட்டுலயே படுக்கவச்சீங்கன்னா எந்த மருந்தும் பிடிக்காது" என்றார். வீடே இரண்டு அறைதான். இரண்டுக்கும் பொதுச்சுவர் அதுதான். பிளம்பர் வந்து தட்டிப் பார்த்தார். எட்டு மாடிக்கும் பொதுவான குழாய் உள்ளே ஓடுகிறது, எட்டு வீட்டுச் சுவரையும் உடைத்தால்தான் சரியாகும் என்றார். மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் கதவைப் பாதி திறந்து, "எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்கள். ஆக, வீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை மூச்சு விடும் என்று ஆனது.

தரகரிடம் போனோம். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை.

"நான் மறைச்சேன்னு சொல்றீங்களா? நான் நின்னேன் சார். நிக்கிறது தப்பா? கொஞ்சம் நகருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நகர்ந்திருக்க மாட்டேனா? நான் என்ன சுவத்தோட சேத்துக் கட்டின ஆளா?"

அத்தான் "அதுவும் சரிதாங்க" என்று சொல்லித் தொலைத்தார். நான் அவர் காலை மிதித்தேன், அவர் சொல்லி முடித்த பிறகு.

"உங்களுக்கு மனசுல குறை இருந்தா ஆணையத்துக்குப் போங்க. நல்லா விசாரிப்பாங்க" என்று தரகரே விலாசம் எழுதிக் கொடுத்தார். புகார் செய்யப்படுகிறவனே வழி சொல்லி அனுப்பினால் அது எப்படிப்பட்ட இடமாக இருக்கும் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

வாங்குவோர் பொறுப்பு ஆணையம் நாலு மாடிக் கட்டடம். முன்பு அதற்கு ஏமாந்தோர் குறைதீர் ஆணையம் என்று பெயர். அந்தக் காலத்தில் ஏமாற்றியவர்களை விசாரணைக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் வருவதே இல்லை. ஏமாந்தவர்களோ சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்களை விசாரிப்பதுதானே முறை என்று ஒரு தலைவருக்குத் தோன்றியது. பெயரையும் சட்டத்தையும் மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒரு வழக்குகூடத் தேங்கவில்லை என்று வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து, தினமும் பளபளவென்று தேய்த்தும் வைத்திருக்கிறார்கள்.

கவுன்டரில் இருந்த எழுத்தர் எழுந்து, சுவரில் சாய்ந்தபடி எங்களைக் கேட்டார்.

"யார் மேல புகார்?"

"தரகர் மேலங்க" என்றார் அத்தான்.

"வாங்கினது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப உங்க மேலதான். தரகருக்குன்னு இங்க ஃபாரம் கிடையாது."

ஃபாரம் நாலு பக்கம். முதல் கட்டத்தில் ஏமாந்தவர் பெயர். இரண்டாம் கட்டத்தில் ஏமாற அனுமதித்தவர் பெயர், மேலே உள்ளதையே எழுதவும் என்று போட்டிருந்தது. மூன்றாம் கட்டத்தில் சம்பவத்தின்போது பயன்படுத்தத் தவறிய புலன்கள். அத்தான் கண் என்பதில் டிக் அடித்துவிட்டு நீட்டினார்.

"மூக்கு? ஈரவாசம் அடிச்சிருக்குமே" என்றார் எழுத்தர். அத்தான் மூக்கில் டிக் அடித்தார்.

"தோல்? சுவத்தைத் தொட்டுப் பாத்தீங்களா?"

டிக் அடித்தார்.

"நாக்கு? நகருங்கன்னு சொன்னீங்களா?"

அதிலும் அடித்தார்.

"காது மட்டும் விட்டுருங்க. அது நல்லா வேலை செஞ்சிருக்கு. அவர் சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம கேட்டிருக்கீங்க."

கடைசிப் பக்கத்தில் உடன் சென்ற உறவினர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயர் ஏறியது.

விசாரணை அதிகாரி ஓர் அம்மையார். மேசை சுத்தமாக இருந்தது. அவருடைய கண்ணாடியின் ஒரு காம்பு வளைந்து, லென்ஸ் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. அதை எடுத்துச் சரி செய்து கொடுக்க அத்தானின் கை துறுதுறுத்ததை நான் பார்த்தேன். நல்லவேளையாக அடக்கிக்கொண்டார்.

"அவரை ஏன் நகரச் சொல்லல?"

"மரியாதைக்குதாங்க. வயசுல பெரியவர், நமக்காக வந்து நிக்கிறார்..."

அம்மையார் காரணம் என்ற இடத்தில் மரியாதை என்று எழுதி, அடிக்கோடு போட்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். முதுகு நனைந்திருந்ததைப் பார்த்தீர்களா, பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா தண்ணீர் கொடுத்ததைச் சொன்னாள். அம்மையார் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"சாட்சியம் உங்க கண்ணு முன்னாடி படியிறங்கிப் போயிருக்கு. நீங்க அதுக்குத் தண்ணி குடுத்திருக்கீங்க."

"வேர்வைன்னு நினைச்சேங்க."

"குளிர்காலத்துலயா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த அம்மையார் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் உடன் சென்ற உறவினர் பேசுவதற்கு ஃபாரத்தில் இடமில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று அத்தானைக் கேட்டார்.

"கண் டெஸ்ட் பண்றேங்க. கண்ணாடிக் கடையில."

அம்மையார் மணியை அடித்தார். குற்றத்தைக் கடுமையாக்கும் சூழ்நிலைகள் என்று தனியாக ஒரு தாள் இருக்கிறதாம், அதை வரவழைத்தார்.

"பாருங்க, என்னை எடுத்துக்கோங்க" என்று சாய்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார். "பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு தடவைகூட ஏமாந்ததில்ல. என்ன காரணம்? நிதானம். வீடு வாங்கணும்னு எட்டு வருஷம் யோசிச்சேன். அதுக்குள்ள ஆணையமே குவார்ட்டர்ஸ் குடுத்துடுச்சு. கார் வாங்கணும்னு யோசிச்சேன். ஆபீஸ் ஜீப்பே வந்துடுச்சு. ஜனங்க ஏன் இப்படி நிதானமா இருக்கக் கூடாது?"

பாப்பாவின் இழுப்பைப் பற்றி அத்தான் சொல்ல வாயெடுத்தார். பிள்ளை மூச்சு விடுவது வேறு துறை என்று அம்மையார் சொல்லிவிட்டார். பிறகு உத்தரவு தட்டச்சாகி வந்தது. அத்தானுக்கு ஆறு சனிக்கிழமை கவனப் பயிற்சி, உடன் சென்ற உறவினரும் கூடப் போக வேண்டும். தேறிச் சான்றிதழ் வாங்கினால், கோப்பு தரகரை நோக்கி நகரும்.

நாங்கள் அதையும் நம்பினோம். இதைச் சொல்லும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பயிற்சிக்கூடம் தரைத்தளத்தில். நாற்பது பேர் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பேக்கரிக்காரர் கோடையில் காட்டப்பட்ட மனையை வாங்கியிருந்தார். மழை வந்ததும் அது ஏரியாகிவிட்டது. மழைக்காலம் வரை அங்கேயே நின்று பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவில் எழுதியிருந்தார்கள்.

முன்னால், கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில், கறுப்புச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் சாய்ந்து நின்றிருந்தார். அவர்தான் மாதிரி ஆள் என்றார் பயிற்சியாளர். கழுத்தில் விசில் மாட்டிய, தொண்டை கட்டிய மனிதர் அந்தப் பயிற்சியாளர். ஒவ்வொருவராகப் போய்ப் பெரியவரின் எதிரில் நின்று "கொஞ்சம் நகருங்க" என்று சொல்ல வேண்டும். குரல் நடுங்கக் கூடாது. 'தயவுசெய்து' சேர்த்தால் பாதி மார்க். 'தப்பா நினைச்சுக்காதீங்க' என்று தொடங்கினால் பூஜ்யம்.

"சார், நாங்க சொல்றோம், அவர் நகரவே மாட்டேங்கறாரே" என்றார் பேக்கரிக்காரர்.

"அவர் எதுக்கு நகரணும்? சொல்றதுதான் உங்க பொறுப்பு. நகர்றது அவர் இஷ்டம். அதுக்கு இங்க மார்க் கிடையாது."

அத்தான் நாலு சனிக்கிழமை அதிலேயே தோற்றார். பெரியவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு "கால் வலிக்குதாங்க" என்றுதான் வாயில் வந்தது. அக்கா வீட்டில் தன்னைச் சுவரோரம் நிறுத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருகிற மாதிரி சொல்லவைத்துப் பழக்கினாள். உள்ளே பாப்பாவின் நெஞ்சு விசிலடிக்க, வெளியே இவர் "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை சிறப்புரை. பேச வந்தவர் எங்கள் தரகர். மாலை போட்டு உட்கார வைத்தார்கள். வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பதில்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும் என்றார் பயிற்சியாளர். நியாயமான கேள்விதான்.

தரகர் மைக்கைப் பிடித்தார்.

"இருபது வருஷமா நின்னுக்கிட்டு இருக்கேன் நண்பர்களே. எத்தனை சுவர், எத்தனை மூலை. வந்தவங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், கொஞ்சம் நகருங்கன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் இன்னிக்கு ஆரோக்கியமா இருந்திருப்பேன். ஈரம் தோள் வழியா உள்ள இறங்கி, இப்ப வலது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியல. டாக்டர் சுவர் பக்கமே போகாதேன்னுட்டார். என் தொழிலே போச்சு. உங்க கவனக்குறைவு ஒரு மனுஷனை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்குன்னு யோசிச்சுப் பாருங்க."

தோள் வலிக்கு டாக்டர் கொடுத்த சீட்டை உயர்த்திக் காட்டினார், இடது கையால். கூடத்தில் கைதட்டல். ஏரிக்குள் மனை வாங்கிய பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை ஆணையத்திலிருந்து அத்தானுக்கு ஒரு கடிதம் வந்தது. தரகரின் தோளுக்கு நேர்ந்ததற்காக அவர் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் வருத்தம் தெரிவித்து எழுதித்தர வேண்டும். அத்தான் எழுதினார். அதில் பிழை இருந்தால் திருத்திக் கொடு என்று என்னிடம் நீட்டினார். பிழை இல்லை. அவர் கையெழுத்து எப்போதுமே அழகு.

ஆறாவது சனிக்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லித் தேறினார். சான்றிதழில் முதல்தரப் பொறுப்புள்ள வாங்குபவர் என்று பொன்னெழுத்தில் இருந்தது. அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினோம்.

எழுத்தர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாழ்த்துக்கள். சரி, என்ன வேணும்?"

"கோப்பு தரகர்கிட்ட போகும்னாங்க."

"எப்படிப் போகும்? முதல்தரப் பொறுப்புள்ளவர்னா ஏமாற முடியாதுங்களே. இதைக் கையில வச்சுக்கிட்டு ஏமாந்தேன்னு புகார் குடுத்தா, சான்றிதழ் பொய்னு ஆகும். ஆணையத்தோட சான்றிதழ் பொய்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க" என்றார் அத்தான்.

"அப்ப கோப்பை முடிச்சுடறேன்."

முடித்துவிட்டார். பித்தளைப் பலகையில் பொறித்தது பொய்யாகாமல் காப்பாற்றப்பட்டது.

மிச்சமிருந்த வழி, வீட்டை விற்றுவிட்டு ஓடுவதுதான். பாப்பா அதற்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டாள். ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற தரகர்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தோம். பட்டியலில் இருந்தது ஒரே பெயர்.

அவர் வந்தார். பழைய பகையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர். சுவரைப் பார்த்து, வளர்ந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி தலையாட்டினார். "பெயின்ட் அடிச்சிருங்க. ரெண்டு வாரம் தாங்கும். அதுக்கப்புறம் முன்னாடி நின்னுடலாம். ஆனா என் தோளுக்கு ஆகாது, தெரியும்ல. நீங்கதான் நிக்கணும்."

அத்தானை நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். "தோளை மட்டும் வைக்காதீங்க, தலையும் ஒட்டணும். வயித்தை எக்காதீங்க, சந்தேகம் வரும். வலது கையால ஜன்னலைக் காட்டிக்கிட்டே இருங்க. வெள்ளை வேணாம், கறுப்புச் சட்டை போடுங்க. ஈரம் தெரியாது." அக்கா கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா மூச்சு விட வேண்டும், அது ஒன்றுதான் அப்போது கண்ணில் தெரிந்தது.

பெயின்ட் அடித்த மூன்றாவது வாரம் வீடு பார்க்க ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெல்ல நடந்து பின்னறைக்கு வந்தாள். அத்தான் சுவரோடு ஒட்டி நின்று ஜன்னலைக் காட்டினார். அலமாரியைக் காட்டினார்.

"இந்த ரூம் குழந்தைக்கு நல்லா இருக்குங்க" என்று அவள் தன் கணவனிடம் சொன்னாள். பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "என்னண்ணா, நாங்க வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. கால் வலிக்கப் போகுது, உக்காருங்க." வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

அத்தானின் கை ஜன்னலைக் காட்டியபடியே நின்றுவிட்டது.

"என்னை நகரச் சொல்லும்மா" என்றார்.

"அய்யோ, எதுக்குண்ணா? நீங்க சௌகரியமா நில்லுங்க."

"ஒரு தடவை சொல்லு. கொஞ்சம் நகருங்கன்னு. அவ்வளவுதான்."

"பெரியவங்களைப் போய் நான் எப்படிண்ணா..."

கதவருகே நின்ற தரகர் இருமினார். அத்தான் அவரைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே ஓர் அடி தள்ளி நின்றார். பெயின்டுக்கு மேல் பழைய தரகர் அச்சு அசலாகத் தெரிந்தார். அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள். கணவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தரகர் கையைப் பிசையவும் இல்லை, திட்டவும் இல்லை. நேரே ஆணையத்துக்குப் போனார்.

இம்முறை விசாரணை நாலாவது மாடியில், தலைவர் முன்னிலையில். குற்றம், வாங்குபவரின் பொறுப்பில் அத்துமீறித் தலையிட்டது. தலைவர் கண்ணாடி போடாதவர், கம்பீரமான குரல்காரர்.

"ஒரு பெண்ணுக்குப் பொறுப்போட நடந்துக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்குது. அவ கேக்கணும், தேடணும், தடவிப் பாக்கணும். கேக்காம வாங்கி, குழந்தைக்கு இழுப்பு வந்து, இங்க வந்து, பயிற்சி எடுத்து, ஒரு முழுமையான குடிமகளா உருவாகணும். அவ்வளவையும் இந்த மனுஷன் ஓர் அடி நகர்ந்து பறிச்சுட்டார். எல்லாரும் இப்படி நகர ஆரம்பிச்சா இந்த ஆணையம் எதுக்கு? நாங்கெல்லாம் எங்க போறது?"

கடைசிக் கேள்வி அவர் வாயிலிருந்து தவறி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். குறிப்பெழுதியவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சிக்கூடத்தில் மாதிரி ஆளாக நிற்க வேண்டும் என்று தண்டனை. கறுப்புச் சட்டைப் பெரியவருக்கு வருடம் முடிந்துவிட்டதாம். அவரும் என்றோ, எங்கேயோ, ஓர் அடி நகர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். உடன் சென்ற உறவினர் வாராவாரம் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

வீடு விற்கவில்லை. அங்கீகாரம் பெற்ற ஒரே தரகர் எங்களைக் கைவிட்டுவிட்டார். பாப்பாவும் அக்காவும் இப்போது என்னோடு இருக்கிறார்கள். ஒரு பெரிய கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷினுக்குப் பக்கத்தில், எனக்கென்று கொடுத்த ஒற்றை அறை. லிஃப்ட் ஏறும்போதெல்லாம் தரை அதிரும். ஆனால் சுவர் காய்ந்து கிடக்கிறது. பாப்பாவின் நெஞ்சில் விசில் நின்றுவிட்டது. நாலு பேர் படுக்க அங்கே இடமில்லாததால் அத்தான் மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். தரகரோடு தனிக்குடித்தனம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டு அவருக்கு வருகிற இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை கூடத்தில் புது அணி. நாற்பது பேரில் அந்த டிரைவரின் மனைவியும் இருந்தாள். தோளில் நாலு மாதக் குழந்தை. அதன் நெஞ்சில் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சத்தம்.

"வேற வீடு வாங்கிட்டோம்ணா, அதே தரகர்கிட்ட" என்று என்னிடம் சொன்னாள். "நகரச் சொல்லணும்னு மனசுல வச்சுக்கிட்டேதான் போனேன். ஆனா அங்க யாருமே நிக்கல. ஒரு பீரோதான் இருந்துச்சு. பழைய வீட்டுக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னார். பீரோகிட்ட போய் என்னன்னு சொல்ல?"

அவள் முறை வந்தது. குழந்தையோடு போய் எதிரில் நின்றாள். நின்ற பிறகுதான் அத்தானை அடையாளம் தெரிந்தது. பயிற்சியாளர் விசிலை ஊதினார்.

"கொஞ்சம் நகருங்கண்ணா" என்றாள். குரல் நடுங்கவில்லை.

மாதிரி ஆள் நகரக் கூடாது. அதற்கு விதி இருக்கிறது. அத்தான் நகர்ந்தார். ஓர் அடி தள்ளி, மூலையைப் பார்க்க நின்றுகொண்டார்.

அவர் நின்ற இடத்தில் ஆணையத்தின் சுவர் கறுத்து, உப்பிப்போய், உரிந்து தொங்கியது. நடுவில் ஒரு கோடாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு தோள், ஒரு தலை. ஒரு வருடத்தில் உண்டானது இல்லை அது, பல பேரின் தோள் பட்டது. நாற்பது பேரும் பார்த்தார்கள். நான் நிச்சயமாகச் சொல்வேன், நாற்பது பேரும் பார்த்தார்கள்.

பயிற்சியாளர் அந்தப் பெண்ணுக்கு மார்க்கைப் போட்டார். 'அண்ணா' சேர்த்ததற்குப் பாதி குறைத்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். "நீங்க ஏன் நகர்ந்தீங்க? பழைய இடத்துலயே நில்லுங்க. அடுத்தவங்க வரணும்."

அத்தான் திரும்பி வந்து, தோள், முதுகு, தலை மூன்றையும் சுவரில் வைத்தார். திரும்பும்போது முதுகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், அவ்வளவு நனைந்த சட்டை தெரியாமல் போகாது.

"பாவம், நின்னு நின்னு வேர்த்துருச்சு" என்றார் பயிற்சியாளர். "யாராவது தண்ணி குடுங்க."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து தன் பாட்டிலை நீட்டினார். அத்தான் வாங்கிக் குடித்தார். குளிர்காலம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.